கறுமணலில் நங்கூரம்

சிசிலிக்கு வடக்கே டிர்ரேனியக் கடலில் ஸ்ட்ரோம்போலி எரிமலைத் தீவு 924 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. நீருக்கு அடியில் அதே மலை இன்னும் ஏறத்தாழ 2,000 மீட்டர் இறங்குகிறது. உச்சிப் பகுதி மட்டுமே வெளியே தெரிகிற மலை என்பதால், படகை நிறுத்த நினைப்பவருக்கு இங்கே பெரிய சிக்கல். நங்கூரம் போட ஐந்து முதல் பத்து மீட்டர், மிஞ்சிப்போனால் பதினைந்து மீட்டர் ஆழம்தான் சரி. இந்தத் தீவிலோ கரையைவிட்டுக் கொஞ்சம் விலகினாலே கடல் வரைபடத்தின் எண்கள் ஐம்பது, நூறு, முந்நூறு என்று ஓடிவிடுகின்றன. கிழக்கிலும் வடகிழக்கிலும், ஸ்காரி, ஃபிகோகிராண்டே கடற்கரைகளுக்கு முன்னால் மட்டும் ஆழம் குறைந்த ஒரு குறுகிய விளிம்பு உண்டு. வருகிற பாய்மரப் படகுகள் எல்லாம் அந்த விளிம்பில்தான் இடம் தேட வேண்டும். ஒதுங்க ஒரு வளைகுடா கிடையாது. ஸ்காரியில் இருக்கும் படகுத்துறை பயணிகள் கப்பலுக்கானது.

நாங்கள் பக்கத்துத் தீவான பனாரேயாவிலிருந்து செப்டம்பர் மாதக் காலையொன்றில் கிளம்பினோம். வடகிழக்கே சுமார் 20 கிலோமீட்டர். எங்களுடையது 12 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு. அதன் தலைவர் சிசிலியின் மிலாட்ஸோக்காரர், அறுபதைத் தாண்டியவர், இந்த ஏயோலியன் தீவுகளுக்கு இடையிலேயே பாய் விரித்து வாழ்ந்தவர். வானிலை அறிக்கையை இரண்டு முறை வாசித்து முடித்த பிறகும் அவர் தொலைநோக்கியை எடுத்து மலை உச்சியின் புகையைப் பார்த்தார். புகை தென்கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருந்தது. மேலே வடமேற்குக் காற்று இருக்கிறது, இன்று கிழக்குக் கரை அமைதியாக இருக்கும் என்றார். பிறகுதான் பாயை ஏற்றச் சொன்னார்.

இந்தப் பழக்கம் பழையது. ஸ்ட்ரோம்போலியின் புகையை வைத்து அடுத்த மூன்று நாள் காற்றை அங்குள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவதாக ரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். கிரேக்கக் கதையில் காற்றுகளையெல்லாம் ஒரு தோல்பைக்குள் கட்டி ஒடிசியஸிடம் கொடுத்த ஏயோலஸின் பெயரைத்தான் இந்தத் தீவுக்கூட்டம் தாங்கியிருக்கிறது. கடலுக்கு நடுவே எந்நேரமும் புகையும் ஒரு மலை இருந்தால், கண்ணுக்குத் தெரியாத காற்று அங்கே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஏயோலஸின் கதைக்குப் பின்னால் இப்படிப் புகை பார்த்துக் காற்றைச் சொன்ன ஏதோ ஒரு தீவுவாசி இருந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

நண்பகலுக்கு முன்பே தீவின் கிழக்குப் பக்கத்தை அடைந்தோம். வெள்ளைச் சுவர்களும் தட்டைக் கூரைகளுமாக வீடுகள், அவற்றுக்குக் கீழே கன்னங்கரிய கடற்கரை. வடகிழக்கே கடலுக்குள் ஸ்ட்ரோம்போலிக்கியோ என்ற செங்குத்துப் பாறை நின்றது. உயரம் ஐம்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவு, உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம். ஏறத்தாழ 2,00,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த ஆதி எரிமலையின் தொண்டைக்குள் உறைந்து இறுகிய பாறை அது. சுற்றியிருந்த மலையைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது, தொண்டை மட்டும் எஞ்சியிருக்கிறது.

ஸ்காரிக்கு முன்னால் ஏற்கெனவே பல படகுகள் நின்றன. கோடைக்காலத்தில் இங்கே மிதவைகளை வாடகைக்கு விடுகிறார்கள். ஒன்றைப் பிடித்துக் கயிற்றைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. தலைவர் தலையை அசைத்தார். “கீழே எதில் கட்டியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. நம் நங்கூரம் என்றால் நாமே முங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.”

மெதுவாக ஒரு சுற்று வந்தோம். ஆழம் காட்டும் கருவியில் 20, 14, 9 என்று எண்கள் இறங்கின. சற்று விலகியதும் மறுபடி 30. எட்டு மீட்டரில் ஒரு நல்ல மணல் திட்டு அகப்பட்டது. அணியத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, படகு அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, அவர் கையைக் கீழே காட்டினார். நான் பொத்தானை அழுத்தினேன். சங்கிலி கடகடவென்று இறங்கியது. நங்கூரம் தரையைத் தொட்டதும் எஞ்சினைப் பின்னோக்கி மெல்ல ஓட்டி, 45 மீட்டர் சங்கிலியைத் தரையில் நீளமாகக் கிடத்தினோம்.

எட்டு மீட்டர் ஆழத்துக்கு எதற்கு இவ்வளவு சங்கிலி என்று தோன்றலாம். படகைப் பிடித்து நிறுத்துவதில் நங்கூரத்தின் எடைக்குப் பெரிய பங்கில்லை. மண்ணுக்குள் புதைந்த அலகும் தரையோடு படுத்துக் கிடக்கிற சங்கிலியும்தான் பிடிக்கின்றன. இழுவை கிடைமட்டமாக வரும்வரை அலகு இன்னும் ஆழமாகப் புதையும். சங்கிலி நிமிர்ந்து மேல்நோக்கி இழுக்கத் தொடங்கினால் அதே அலகு மண்ணை விட்டுக் கிளம்பிவிடும். ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது சங்கிலி வேண்டும் என்ற கணக்கு அதனால் வந்தது. மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு, ஆகவே இரவில் நீர் ஏறுமே இறங்குமே என்ற கவலை இல்லை. இங்கே கவலை சரிவைப் பற்றியது. கரையிலிருந்து காற்று வீசினால் படகு நங்கூரத்தை மலைச்சரிவின் கீழ்நோக்கி இழுக்கும். அலகு ஒரு முறை நழுவினால் ஆழம் கூடும். ஆழம் கூடினால் சங்கிலி போதாது. போதாத சங்கிலி அலகை இன்னும் எளிதாகக் கிளப்பும். சில நிமிடங்களில் நங்கூரம் எதையும் தொடாமல் நீருக்குள் அந்தரத்தில் தொங்க, படகு கடலுக்குள் போய்க்கொண்டிருக்கும். காற்று மாறிக் கடலிலிருந்து வீசினாலோ நங்கூரம் மேட்டை நோக்கி இழுபடுவதால் நன்றாகவே பிடிக்கும், ஆனால் படகின் பின்பக்கம் அலை உடைகிற கரைக்கு அருகே போய்விடும். சமதளக் கடலில் போடுகிற நங்கூரத்துக்கு இந்த இரட்டைக் கவலை கிடையாது.

தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறுகிய சங்கிலியின் மேல் வெறுங்காலை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். நங்கூரம் தரையில் உரசிக்கொண்டு போனால் சங்கிலியில் ஒரு நடுக்கம் ஏறி வரும், பாறையில் தாவித் தாவிப் போனால் திடுக் திடுக்கென்று உதைக்கும். காலுக்கு எதுவும் தெரியவில்லை. எஞ்சினின் வேகத்தைக் கூட்டியும் சங்கிலி விறைத்து நின்றதே தவிர நடுங்கவில்லை. ஊர்த் தேவாலயத்தின் ஒரு மூலையும் அதற்குப் பின்னால் சரிவில் இருந்த ஒரு வீட்டின் வெள்ளைச் சுவரும் ஒரே கோட்டில் நின்றன, நின்றபடியே இருந்தன.

முகமூடி மாட்டிக்கொண்டு குதித்தேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு, எட்டு மீட்டருக்குக் கீழே சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தெரிந்தது. வெள்ளை மணல் கடலில் வெளிச்சம் கீழேயிருந்தும் வரும். இங்கே மேலிருந்து இறங்குகிற வெயிலைத் தரை விழுங்கிவிடுகிறது. சங்கிலியைத் தொடர்ந்து நீந்திப் போனேன். அலகு முழுக்கப் புதைந்து, தண்டின் முதுகு மட்டும் ஒரு சாண் வெளியே நீட்டியிருந்தது. அலகு கீறிப்போட்ட பள்ளத்தின் ஓரம் இன்னும் சரிந்துகொண்டிருந்தது. முங்கி ஒரு பிடி மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தேன். உள்ளங்கையில் நீர் வடிந்ததும் கறுமணலுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில், பட்டை தீட்டியது மாதிரி முகங்களோடு, படிகங்கள் மின்னின. ஆகைட் என்ற கனிமம். உருகிய பாறைக்குள் மெல்ல வளர்ந்து, வெடிப்பில் சிதறி, தனித்தனிப் படிகமாக வந்து விழுவது. மலைச்சரிவிலும் கரையிலும் இது உதிரியாகக் கிடைக்கும். எங்கள் நங்கூரம் பிடித்திருந்தது இந்த எரிமலை உமிழ்ந்த மண்ணைத்தான்.

படகுக்குத் திரும்பியதும் தலைவர் சங்கிலிப் பெட்டியைத் திறந்து காட்டினார். மூடிக்கு உட்புறம் ஒரு கத்தி செருகியிருந்தது. சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் படகோடு நேரே பூட்டவில்லை, இடையில் ஒரு நைலான் கயிறு இருந்தது. ஆபத்து வந்தால் சங்கிலி முழுவதையும் ஓடவிட்டு, கயிறு மேலே வந்ததும் அறுத்துவிட்டு, எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டி நேரே கிழக்கே ஆழ்கடலுக்குப் போக வேண்டும். இரவுக் காவலில் இருப்பவர் இதற்கு அவரை எழுப்பிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. “சங்கிலியை இன்னொரு நாள் வாங்கிக்கொள்ளலாம்” என்றார். மிகையான எச்சரிக்கை என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும். இந்தத் தீவின் அண்மைக்கால வரலாற்றைத் தெரிந்துகொண்டவருக்குத் தோன்றாது.

வடமேற்கே ஷாரா டெல் ஃபுவோகோ என்ற பெரும் சரிவு இருக்கிறது. மலையின் அந்தப் பக்கம் பழங்காலத்தில் இடிந்து கடலுக்குள் போனதால் உண்டான குதிரைலாட வடிவப் பள்ளம். உச்சியிலிருந்து உருண்டு வரும் கற்களும் லாவாவும் அந்த வழியாகவே கடலில் விழுகின்றன. 2002 டிசம்பர் 28 அன்று அங்கே லாவா வழியத் தொடங்கியது. 30ஆம் தேதி சரிவின் ஒரு பகுதி, கடலுக்கு மேலேயும் கீழேயுமாக, பெயர்ந்து விழுந்தது. கிளம்பிய ஆழிப்பேரலை ஊரின் கரையில் ஏறத்தாழ பத்து மீட்டர் உயரம் வரை ஏறியது. குளிர்காலம், கடற்கரையில் ஆள் இல்லை, ஆகவே சிலர் காயத்தோடு தப்பினார்கள், உயிர்ச்சேதம் இல்லை. ஆகஸ்ட் மாதமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஸ்காரியில் நங்கூரமிட்டு நிற்கும் எவராலும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. சரிவிலிருந்து ஊருக்கு அலை வந்து சேரச் சில நிமிடங்கள் போதும்.

இது புதிய ஆபத்தும் இல்லை. ஊருக்குள் நடந்த அகழாய்வில் மண்ணுக்குள் கிடைத்த அலைப் படிவுகளை ஆராய்ந்து, இடைக்காலத்திலும் இங்கிருந்து ஆழிப்பேரலைகள் கிளம்பியிருக்கின்றன என்று 2019இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 1343 நவம்பரில் நேப்பிள்ஸ் துறைமுகத்தைக் கடல் புகுந்து சிதைத்ததைக் கவிஞர் பெத்ரார்க்கா கண்ணால் பார்த்துக் கடிதமாக எழுதியிருக்கிறார். புயல் என்று அவர் நினைத்தது இந்த மலையிலிருந்து கிளம்பிய அலையாக இருக்கக்கூடும் என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு.

அதே 2019இல் இரண்டு பெருவெடிப்புகள். ஜூலை 3 அன்று மலையில் நடந்துகொண்டிருந்த ஒருவர் இறந்தார். ஆகஸ்ட் 28 அன்று சுடுசாம்பல் மேகம் சரிவில் பாய்ந்து இறங்கி, கடலின் மேலேயும் உருண்டு சென்றது. அருகில் இருந்த ஒரு பாய்மரப் படகு அதற்கு முன்னால் ஓடித் தப்பியதை அதிலிருந்தவர்களே படம் பிடித்தார்கள். அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. சாம்பல் நிறச் சுவர் பின்னால் எழும்பி வர, படகில் இருந்தவர்கள் குரல் உயர்த்திக் கத்திக்கொண்டிருப்பார்கள். நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கும். சரிவுக்குப் பக்கத்தில் படகுகள் வரக் கூடாது என்று துறைமுக அதிகாரிகள் ஆணை போட்டிருக்கிறார்கள். எச்சரிக்கை நிலை பச்சையிலிருந்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏற ஏறக் கட்டுப்பாடுகளும் இறுகும். சரிவின் இருபுறமும் கடலுக்குள் நிற்கும் அளவைக் கருவிகள் அலையைக் கணந்தோறும் கண்காணிக்கின்றன. சைரன்கள் இருக்கின்றன. தேசிய எரிமலையியல் நிறுவனமும் ஃப்ளோரன்ஸ் பல்கலைக்கழகமும் கேமராக்களாலும் அதிர்வுமானிகளாலும் மலையை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. உலகில் இவ்வளவு நெருக்கமாகக் கவனிக்கப்படும் எரிமலைகள் மிகச் சிலவே.

மாலையில் ஒருவரைப் படகிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் ரப்பர் தோணியில் கரைக்குப் போனோம். படகைத் தனியே விடுவது தலைவருக்கு ஆகாது. குறுகலான சந்துகளில் மூன்று சக்கர வண்டிகள் சாமான்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு உரசாமல் போய்வருகின்றன. தீவில் நிரந்தரமாக வசிப்பவர்கள் சில நூறு பேர்தான். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். திராட்சையும் கேப்பர் மொட்டும் விளைந்தன, பாய்மரக் கப்பல்கள் சரக்கு ஏற்றின. நீராவிக் கப்பல் வந்து பாய்மர வணிகத்தை ஒழித்தது. திராட்சைக் கொடியை நோய் தின்றது. 1930 செப்டம்பர் 11 அன்று வந்த பெருவெடிப்பில் ஆட்கள் இறந்தார்கள், வீடுகள் நொறுங்கின. எஞ்சியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். 1949இல் ரோபெர்த்தோ ரோசெல்லினி இங்கிரிட் பெர்க்மனை வைத்துப் படமெடுக்க வந்தபோது பாதி ஊர் காலியாக இருந்தது. அந்தப் படம்தான் பிறகு வெளியாட்களை இங்கே அழைத்துவந்தது. ரோசெல்லினியும் பெர்க்மனும் தங்கியிருந்த சிவப்பு வீடு இன்னும் இருக்கிறது.

மலைமேல் இப்போது உச்சிவரை விடுவதில்லை. வழிகாட்டியோடு போனாலும் 400 மீட்டருக்கு மேல் அனுமதி கிடையாது, நிலைமை மோசமானால் அதுவும் இல்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது. உச்சிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்ற ஆசையைவிட, கீழே குடியிருப்பவர்களின், மீட்புப்படையினரின் உயிர் பெரியது.

இருட்டியதும் படகுக்கு வந்துவிட்டோம். ஊரில் தெருவிளக்கு கிடையாது. அங்குள்ளவர்கள் வேண்டாமென்றே வைத்திருக்கிறார்கள். சன்னல் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அணைந்த பிறகு கரை எது, மலை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. என் காவல் நள்ளிரவில் தொடங்கியது. வேலை எளிது. ஜிபிஎஸ் கருவியில் படகு தன் வட்டத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, கரையில் எரிந்துகொண்டிருந்த ஒரே விளக்கையும் ஸ்ட்ரோம்போலிக்கியோவின் விளக்கையும் குறிவைத்துக்கொள்வது, அரைமணிக்கு ஒருமுறை போய்ச் சங்கிலியைத் தொட்டுப் பார்ப்பது.

எரிவாய்கள் இந்தப் பக்கத்திலிருந்து தெரியாது, உச்சி மறைத்துவிடும். ஆனால் ஓசை வரும். பக்கத்து ஊர்த் திருவிழாவில் போடும் அதிர்வேட்டு மாதிரி, அடக்கமான ஒரு ‘தொம்’. கூடவே உச்சிக்கு மேல் நின்ற ஆவி அடியிலிருந்து சிவந்து, மூன்று நான்கு மூச்சுக்குள் மறுபடி கறுத்தது. பிறகு பத்து நிமிடம் ஒன்றுமில்லை. சில சமயம் இருபது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான். மலையின் தொண்டையில் உருகிய பாறை திறந்தே நிற்கிறது. அடியிலிருந்து வாயுக் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து மேலேறுகின்றன. மேல்மட்டத்துக்கு வந்ததும் உடைந்து, மேலே கிடக்கும் குழம்பைத் துண்டு துண்டாக வீசுகின்றன. அடைப்பு இல்லாததால் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடுகிறது. உலகில் எங்கே ஓர் எரிமலை இப்படிச் சிறிது சிறிதாக வெடித்தாலும் அதை ஸ்ட்ரோம்போலி வகை என்றே ஆய்வாளர்கள் குறிக்கிறார்கள். ஆனால் ஆழத்திலிருந்து வாயு நிறைந்த புதுக் குழம்பு திடீரென்று ஏறிவந்தால், 1930உம் 2019உம் நடக்கும். காவலில் இருந்தவரை ஒவ்வொரு ‘தொம்’முக்கும் பிறகு காது அடுத்ததை எதிர்பார்த்தது. இடைவெளி நீண்டபோதெல்லாம் கை தானாகவே டார்ச் விளக்கைத் தேடியது.

மூன்று மணிக்கு முன்பு காற்றின் வாசனை மாறியது. வெதுவெதுப்பாக, ஈரமாக, தென்கிழக்கிலிருந்து. படகு மெல்லத் திரும்பிப் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டியது. ஜிபிஎஸ் வட்டத்துக்குள்தான் இருந்தோம், நங்கூரமும் மேட்டை நோக்கி இழுபட்டு இன்னும் நன்றாகப் பிடித்திருந்தது, ஆனால் கரையில் அலை உடையும் ஓசை அருகே வந்துவிட்டது. தலைவரை எழுப்பினேன். அவர் கண்ணைத் திறந்ததுமே “ஷிரோக்கோ” என்றார். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் காற்று. அறிக்கை அதை அடுத்த நாள் மாலைக்குச் சொல்லியிருந்தது. ஸ்காரி அந்தக் காற்றுக்கு முழுக்கத் திறந்த இடம். அதில் நின்றால் விடியும்போது கிளம்ப முடியாமல் போகலாம். விவாதமே இல்லாமல் எல்லோரும் எழுந்தார்கள். சங்கிலி ஏற ஏற நான் வாளியால் கடல்நீரை ஊற்றிக் கறுமணலைக் கழுவினேன். அலகு மண்ணை விடும் நேரத்தில் அணியம் ஒரு முறை கீழே அமிழ்ந்து எழுந்தது, அவ்வளவு இறுக்கம். சுற்றியிருந்த படகுகளிலும் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது.

வடமுனையைச் சுற்றி, ஆணை சொல்லும் தூரத்துக்கும் கூடுதலாக விலகிப் போனோம். மலை மறைப்பு நீங்கியதும் ஷாரா முழுவதும் கண்ணுக்கு எதிரே வந்தது. உச்சியில் ஒரு வெடிப்பு. செந்தணல்கள் கொத்தாக எழும்பி, உயரத்தில் ஒரு கணம் தயங்கி, சரிவில் விழுந்து, துள்ளித் துள்ளி உருண்டு கடலை நோக்கி இறங்கின. தூரம் அதிகமானதால் ஓசை பின்தங்கி வந்தது. படகில் யாரும் புகைப்படம் எடுக்கவில்லை. சுக்கானில் ஒருவர், பாய்க்கயிறுகளில் இருவர், எல்லோருக்கும் கை நிறைய வேலை.

விடிந்தபோது தென்மேற்கு மூலையில் ஜினோஸ்ட்ராவின் வீடுகள் தெரிந்தன. சில டஜன் பேர் வாழும் ஊர், கடல் வழியாக மட்டுமே போய்ச்சேர முடியும். உலகின் மிகச் சிறிய துறைமுகம் என்று சொல்லப்படும் பெர்த்தூஸோ, பாறைகளுக்கு இடையே ஓரிரு தோணிகள் மட்டும் நுழையும் ஒரு பிளவு, அதன் காலடியில்தான் இருக்கிறது. காற்றை இடப்புறம் வைத்து, பெரிய பாயைச் சுருக்கி, சலீனா தீவின் சாந்தா மரீனாவை நோக்கித் திரும்பினோம். அங்கே அலைதடுப்புச் சுவர் உண்டு. வழியில் வானொலியில் தலைவர் யாரோடோ இத்தாலிய மொழியில் பேசிவிட்டு எங்களிடம் சொன்னார்: காலை ஹைட்ரோஃபாயில் கப்பல் ஸ்காரியில் கட்ட முடியாமல் திரும்பிப் போகிறது, ஜினோஸ்ட்ராவிலும் நிற்காது. மருந்து, பால், தபால், மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள் எல்லாம் காற்று இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். மாலைக்குள் இறங்குமா என்று கேட்டேன். அவர் திரும்பி மலையைப் பார்த்தார். புகை வடமேற்கே கிடையாகப் படுத்திருந்தது. இரண்டு நாளாவது ஆகும் என்றார்.